18ஆம் நூற்றாண்டின் லிவர்பூலில் பைலட்டுகளுக்குச் சட்டம் வந்தது ஏன்?

கேள்வி: போட்டடாங் வாசி

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். ரங்கூனில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் எழுத்தராக வேலை செய்கிறேன். கடலிலிருந்து வரும் கப்பல் ஆற்றின் வாயிலில், வழிகாட்டி உள்ளே கொண்டுவரும் பைலட்டுக்காகவும் நீரேற்றத்துக்காகவும் காத்திருப்பதும், ஏற்றம் வந்த பிறகே வெளி மணல்திட்டையும் மங்கி முனையருகே உள்ள உள்திட்டையும் தாண்டி நகரத் துறைக்கு வருவதும் எனக்கு அன்றாடம் பழகிய விஷயங்கள். நீளத்திலும் நீரில் மூழ்கும் ஆழத்திலும் ஓர் அளவுக்கு மேற்பட்ட கப்பலை நகரத் துறைக்குள் கொண்டுவர முடியாது என்பதை வெளியூர்க் கம்பெனிகளுக்குத் திரும்பத் திரும்ப எழுதுவதே என் வேலையில் பாதி.

நம் பெரியவர்கள் இன்றும் பேசும் பிபி லைன் கம்பெனியின் கப்பல்கள் லிவர்பூலிலிருந்து ரங்கூனுக்கு வந்துபோனவை. அதைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது, லிவர்பூல் துறைமுகத்தின் பைலட்டுகளை ஒழுங்குபடுத்த 1766இலேயே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது என்ற செய்தி கண்ணில் பட்டது. அலௌங்பயா மன்னர் ரங்கூனுக்குப் பெயர் சூட்டிய 1755ஆம் ஆண்டிலிருந்து பதினொரு ஆண்டுகளே கடந்திருந்த காலம் அது.

அந்தச் சட்டத்துக்கு முன்பு கப்பல்களுக்கு வழிகாட்டியவர்கள் யார், சட்டம் எதை மாற்றியது, அதனால் விபத்துகள் உண்மையிலேயே குறைந்தனவா என்பவை என் கேள்விகள். இத்தகைய சட்டங்கள் எல்லாம் ஏழைப் படகோட்டிகளைப் பெருவணிகர்கள் தம் பிடிக்குள் வைத்துக்கொள்ளச் செய்த ஏற்பாடு, பாதுகாப்பு என்பது வெறும் சாக்கு என்று உடன் பணிபுரியும் நண்பர் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: பழைய ரங்கூன்

தம்பி, லிவர்பூலின் கடல்வாயை மனத்தில் வரைந்துகொண்டால் சட்டத்தின் தேவை தானே விளங்கிவிடும். மெர்சி ஆறு ஐரிஷ் கடலில் கலக்கும் இடத்தில் பர்போ, ஹொய்ல் போன்ற மணல்திட்டுகள் பல மைல் பரப்பில் விரிந்து கிடக்கின்றன. நீரேற்றத்தில் மறைந்தும் வற்றத்தில் வெளிப்பட்டும் இருக்கும் இந்தத் திட்டுகள் நிலையானவை அல்ல. புயலும் நீரோட்டமும் அவற்றை ஆண்டுக்காண்டு நகர்த்துவதால், சென்ற ஆண்டு கப்பல் சென்ற கால்வாய் இந்த ஆண்டு மேடாகியிருக்கலாம். பெரிய ஓத (நீரேற்ற) நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் ஏறத்தாழ 9 மீட்டர் மாறும். நம் ரங்கூன் ஆற்றில் இது ஏறத்தாழ 6 மீட்டர் என்பதையும், அதற்கே நாம் எவ்வளவு கணக்குப் பார்க்கிறோம் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

இதனோடு இன்னொன்றும் சேர்ந்தது. 1715இல் தாமஸ் ஸ்டியர்ஸ் என்ற பொறியாளரின் திட்டப்படி லிவர்பூலில் மதகு வைத்த கப்பல்துறை திறக்கப்பட்டது. ஏற்றத்தின்போது மதகைத் திறந்து கப்பல்களை உள்ளே விட்டு, பிறகு அடைத்துவிட்டால், வெளியே ஆறு வற்றினாலும் உள்ளே கப்பல்கள் மிதந்துகொண்டே இருக்கும். சரக்கு ஏற்றி இறக்குவதற்கு இது மிகப் பெரிய வசதிதான். ஆனால் நீர் உயர்ந்திருக்கும் குறுகிய நேரத்துக்குள் கப்பல் மதகை வந்தடைய வேண்டும் என்ற கட்டாயமும் இதனால் ஏற்பட்டது. அந்த நேரத்தைத் தவறவிட்ட கப்பல் அடுத்த ஏற்றம் வரை, அதாவது பன்னிரண்டு மணி நேரத்துக்கும் சற்று அதிகமாக, திட்டுகளுக்கு நடுவே காற்றின் தயவில் கிடக்க வேண்டும். நீராவியும் எஞ்சினும் இல்லாத பாய்மரக் காலம் அது. மேற்குக் காற்று வலுத்துவிட்டால் கப்பலைத் திட்டின்மேலேயே தள்ளிவிடும்.

சட்டத்துக்கு முன்பு வழிகாட்டியவர்கள் பெரும்பாலும் கரையோர மீனவர்களும் படகோட்டிகளும்தான். அவர்களுள் கடலை நன்கு அறிந்தவர்கள் பலர் இருந்தார்கள். ஆனால் அறியாதவனும் படகை எடுத்துக்கொண்டு வந்து தன்னைப் பைலட் என்று சொல்லிக்கொள்ளலாம், வெளியூர்க் கேப்டனுக்கு இருவரையும் வேறுபடுத்திப் பார்க்க வழியில்லை. கூலியும் அந்தந்த நேரத்துப் பேரம்தான். வானம் இருண்டு அலை உயரும்போது கப்பலருகே வந்து நிற்பவன் கேட்பதே விலை. அதற்கு நேர்மாறாக, வானிலை மிக மோசமான இரவில் கடலுக்குச் செல்ல வேண்டிய கடமை எவருக்கும் இல்லை. கப்பலுக்கு ஆள் மிகவும் தேவைப்படும் வேளையில்தான் கடலில் எவரும் இருக்கமாட்டார்கள்.

1766ஆம் ஆண்டுச் சட்டம் இந்த இடத்தில்தான் கைவைத்தது. பைலட்டுகளைக் கண்காணிக்க ஒரு குழு, தகுதியைச் சோதித்து வழங்கும் உரிமம், முன்கூட்டியே வரையறுக்கப்பட்ட கட்டணம், உரிமம் இல்லாமல் வழிகாட்டுபவனுக்கு அபராதம் என்பவை அதன் முக்கிய அம்சங்கள். கட்டணத்தைக் கப்பல் நீரில் மூழ்கும் ஆழத்தைக் கொண்டு கணக்கிடும் வழக்கம் அக்கால ஆங்கிலத் துறைமுகங்களில் பரவலாக இருந்தது. மூழ்கும் ஆழம் கூடக்கூட ஆபத்தும் கூடும் என்பதால் அது நியாயமான அளவுகோலே. லிவர்பூல் பைலட் சேவை தன் தொடக்கத்தை இன்றுவரை இந்த 1766இலிருந்தே கணக்கிடுகிறது.

ஆனால் சட்டத்தை மட்டும் தனியே எடுத்துப் பாராட்டுவது எனக்கு உடன்பாடில்லை. உரிமம் பெற்ற பைலட்டும் இரவில் கண்ணால் காண ஏதாவது வேண்டும் அல்லவா? அதற்கான வேலை சட்டத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1760களின் தொடக்கத்தில் லீசோ, ஹொய்லேக் ஆகிய இரண்டு இடங்களிலும் கலங்கரை விளக்கங்கள் இணையிணையாக அமைக்கப்பட்டன. இரண்டு விளக்குகளும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தால் கப்பல் கால்வாயின் நேர்கோட்டில் இருக்கிறது. ஒன்று விலகித் தெரிந்தால் கப்பலும் விலகியிருக்கிறது. ஹொய்லேக்கின் கீழ்விளக்கை மரத்தால் செய்து, கால்வாய் நகரும்போது விளக்கையும் நகர்த்தும்படி வைத்திருந்தார்கள். மணல் நகர்வதைத் தடுக்க முடியாது என்று ஒப்புக்கொண்டு செய்த இந்த ஏற்பாடு, என் கருத்தில், அந்தக் காலத்தின் மிகச் சிறந்த துறைமுக யோசனை. லீசோவின் கடலோர விளக்கைக் கடல் கொண்டுபோன பிறகு, 1771இல் உள்நாட்டில் பிட்ஸ்டன் குன்றின்மேல் புதிய விளக்கு எழுப்பினார்கள்.

இந்த வேலைகளுக்கெல்லாம் நடுவில் நிற்பவர் வில்லியம் ஹட்சின்சன். நிலக்கரிக் கப்பலில் சிறுவனாக ஏறி, கேப்டனாக உயர்ந்து, போர்க்காலத்தில் எதிரிக் கப்பல்களைப் பிடிக்கும் தனியார் கப்பலிலும் பணியாற்றி, 1759 முதல் லிவர்பூலின் துறை மேலாளராக இருந்தவர். விளக்கின் ஒளியைத் தொலைவுக்கு அனுப்பப் பரவளைய வடிவில் கண்ணாடித் துண்டுகள் பதித்த ஆடிகளை அமைத்தவர் அவரே. 1764 முதல் 1793 வரை, இரவு பகல் பாராமல், ஒவ்வொரு நீரேற்றத்தின் நேரத்தையும் உயரத்தையும் காற்று, வானிலைக் குறிப்புகளோடு எழுதி வந்தார். அவற்றின் தொடக்க ஆண்டுக் கணக்குகளைக் கொண்டு ஹோல்டன் சகோதரர்கள் 1770இலிருந்து ஓத அட்டவணை வெளியிட்டார்கள். எத்தனை மணிக்கு எவ்வளவு நீர் இருக்கும் என்பதை அச்சிட்ட தாளில் கேப்டனும் பைலட்டும் ஒரே நேரத்தில் பார்க்க முடிந்தது, உரிமத்துக்குச் சற்றும் குறையாத மாற்றம். வாய்வழி ரகசியமாக இருந்த அறிவு எல்லாருக்கும் பொதுவாயிற்று.

பதில்: மோல்மேன்காரன்

மேலே ஐயா எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். இருந்தாலும் கேள்வி கேட்டவரின் நண்பரை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது. லிவர்பூலில் துறை நகராட்சியின் உடைமை. அந்த நகராட்சியை நடத்தியவர்கள் கப்பல் உடைமையாளர்களும் வணிகர்களும். ஆக, பைலட்டின் கூலியை நிர்ணயித்தவர்களும் அந்தக் கூலியைக் கொடுக்க வேண்டியவர்களும் ஒரே வட்டத்தைச் சேர்ந்தவர்கள். எந்தக் கப்பல்களுக்காக இவ்வளவு அக்கறை என்பதையும் மறக்கக் கூடாது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக ஏற்றிச் சென்ற பிரிட்டிஷ் கப்பல்கள் மற்ற எந்தத் துறைமுகத்தையும்விட லிவர்பூலிலிருந்தே அதிகம் புறப்பட்டன. 1807இல் அந்த வாணிபம் சட்டப்படி தடை செய்யப்படும் வரை இதே நிலைதான். அந்தக் கப்பல்களையும் இதே பைலட்டுகள்தான் திட்டுகளைத் தாண்டிப் பத்திரமாக அனுப்பி வைத்தார்கள்.

பிற ஊர்களின் கதை இன்னும் தெளிவாகக் காட்டும். பிரிஸ்டல் நகரம் ஏவன் ஆற்றில் உள்ளே தள்ளி இருக்கிறது; அங்குள்ள ஓத ஏற்றத்தாழ்வு உலகிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. அதன் பைலட்டுகள் ஆற்றுவாயில் உள்ள பில் என்ற சிற்றூரைச் சேர்ந்த சில குடும்பத்தார். தந்தைக்குப் பின் மகன் என்று தொழில் கைமாறியது. கப்பலைத் தேடிக் கடலில் வெகுதூரம் மேற்கே சென்று, முதலில் சென்றடைந்தவர் வேலையைப் பெறுவார் என்ற போட்டி முறையில் அவர்கள் வாழ்ந்தார்கள். மேற்பார்வை செய்தது பிரிஸ்டலின் வணிகர் சங்கம். உயிரைப் பணயம் வைப்பவர்கள் ஓர் ஊரிலும், விதி எழுதுபவர்கள் மற்றோர் ஊரிலும் இருந்தார்கள். இருவருக்கும் இடையே உரசல் இல்லாமல் எப்படி இருந்திருக்கும்? லண்டன் பக்கம் டிரினிட்டி ஹவுஸ் என்ற மாலுமிகளின் அமைப்பு 1514இலிருந்தே அரச சாசனத்தோடு இயங்கியது. நியூகாசிலில் அதே பெயரில் தனி அமைப்பு இருந்தது. டோவர், டீல், தானெட் பகுதியின் பைலட்டுகளுக்கு 1717இல் ஒரு சட்டம் வந்தது. நாடு முழுவதற்கும் பொதுவான பைலட் சட்டம் 1808இல்தான். அதுவரை ஊருக்கு ஊர் தனி வழக்கம், தனி அதிகாரம், தனிச் சண்டை.

இந்த ஆங்கிலத் துறைகளிலெல்லாம் பைலட் என்பவர் கப்பலுக்கு இவ்வளவு என்று கூலி பெறும் உரிமக்காரர். வங்காளத்தில் வேறு ஏற்பாடு. ஹூக்ளி ஆற்றுக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே தன் சொந்தப் பைலட் பணியைத் தொடங்கிவிட்டது. படிநிலைப் பதவிகளும் பைலட் கப்பல்களும் கொண்ட முறையான சேவை அது. மணல் நகரும் ஆற்றில் அறிவைச் சேர்த்துவைக்க எது ஏற்றது என்று கேட்டால், வங்காள முறையையே நான் விரும்புவேன். போட்டி போட்டுப் பிழைப்பவன் தான் கண்டறிந்த புதிய ஆழத்தைப் பக்கத்துப் படகுக்காரனுக்கு ஏன் சொல்லப் போகிறான்?

எங்கள் மோல்மேனிலும் சல்வின் ஆற்றுக்குள் வரும் கப்பல்கள் ஆம்ஹர்ஸ்டில், அதாவது இன்றைய சைக்கமியில், பைலட்டை ஏற்றிக்கொண்டே மேலே வந்தன. தேக்கு ஏற்றிய கப்பல் தரை தட்டினால் நட்டம் யாருக்கு என்ற சர்ச்சையைக் கேட்டு வளர்ந்த ஊர் இது.

கேள்வியாளர்: போட்டடாங் வாசி

இருவருக்கும் நன்றி. மோல்மேன் நண்பர் கடைசியில் தொட்ட இடமே என் அலுவலகத்திலும் அடிக்கடி எழும் கேள்வி. உரிமம் கொடுத்தது குழு, பைலட்டை ஏற்றியே ஆக வேண்டும் என்பது சட்டம், அப்படியிருக்கப் பைலட்டின் பிழையால் இடித்துவிட்டால் கப்பல் உடைமையாளர் பொறுப்பாவாரா? அந்தக் காலத்தில் எப்படி முடிவு செய்தார்கள்?

பதில்: துறைவழக்கு

சுருக்கமாகச் சொல்கிறேன். பைலட் ஏறினாலும் கப்பலின் தலைமை கேப்டனிடமே இருக்கிறது என்பது பழைய கொள்கை. ஆனால் நடைமுறையில் எந்தத் திசையில் செல்வது, எப்போது நங்கூரம் இடுவது என்பதைப் பைலட் சொல்ல, மாலுமிகள் செய்தார்கள். கட்டாயத்தின்பேரில் ஏற்றிய ஆளின் பிழைக்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும் என்று உடைமையாளர்கள் கேட்டார்கள். இந்த வாதம் வென்றது. 1812ஆம் ஆண்டுச் சட்டம், கட்டாயப் பைலட்டின் தவறால் விளைந்த சேதத்துக்குக் கப்பல் உடைமையாளர் பொறுப்பல்லர் என்று விலக்கு அளித்தது.

இதனால் பாதிக்கப்பட்டவரின் நிலைமை பரிதாபமாயிற்று. இடித்த கப்பலின் உடைமையாளரிடம் கேட்டால் பைலட்டைக் காட்டுவார். பைலட்டிடமோ இழப்பீடு கொடுக்கும் அளவுக்குப் பணம் இருக்காது. எனவே 19ஆம் நூற்றாண்டின் கடல் வழக்குகளில், தவறு முழுவதும் பைலட்டுடையதா அல்லது மாலுமிகளுக்கும் அதில் பங்கு உண்டா என்பதே முடிவில்லாத விவாதமாக நடந்தது. பைலட்டின் பிழை மட்டுமே காரணம் என்று நிறுவினால் உடைமையாளர் தப்பினார். 1913ஆம் ஆண்டுப் பைலட் சட்டம் இந்த விலக்கை நீக்கியது. நீக்கம் நடைமுறைக்கு வந்தது 1918இல். நூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரு பெரிய ஓட்டையோடு அந்தச் சட்டமுறை ஓடியது என்பது வியப்பாகத்தான் இருக்கிறது.

பதில்: தன்லின் தமிழன்

பேச்சு முழுவதும் பைலட்டைச் சுற்றியே செல்கிறது. துறைக்குள் வந்த பிறகு இருந்த ஆபத்தையும் சற்றுக் கவனிக்க வேண்டும். மதகு அடைத்த துறைக்குள் மரக்கப்பல்கள் ஒன்றோடொன்று உரசும்படி நெருங்கி நின்றன. தார், சணல், பாய்த்துணி, மரம் என்று எல்லாமே தீப்பிடிக்கும் பொருள்கள். அக்காலத்து வணிகக் கப்பல்களில் பீரங்கியும் வெடிமருந்தும் இருந்தன. எனவே லிவர்பூல் துறைக்குள் நுழையும் முன் வெடிமருந்தை இறக்கிவிட வேண்டும். அதற்கான கிடங்கு 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஆற்றின் மறுகரையில், செஷயர் பக்கம், நகரத்திலிருந்து விலகி இருந்தது. அந்த இடத்துக்கு இன்றும் மேகசின்ஸ் என்றே பெயர்.

இதே காலத்தில் நம் ரங்கூனில் கொன்பவுங் மரபுப் பர்மிய மன்னர்களின் ஆட்சி. இங்கே வந்த வெளிநாட்டுக் கப்பல் பீரங்கிகளை மட்டுமல்லாமல் சுக்கானையும் கழற்றிக் கரையில் ஒப்படைக்க வேண்டும், கணக்கு முடித்துப் புறப்படும்போதுதான் திரும்பக் கிடைக்கும் என்ற விதி இருந்தது. ஐரோப்பியக் கேப்டன்கள் இதை அவமதிப்பாகக் கருதிப் புலம்பினார்கள். மன்னரின் அதிகாரிகள் தரப்பில் பார்த்தால் அதில் தெளிவான கணக்கு இருக்கிறது: சுக்கான் இல்லாத கப்பல் சுங்கம் கட்டாமல் ஓட முடியாது, பீரங்கி இல்லாத கப்பல் ஊரை மிரட்ட முடியாது. லிவர்பூல் தன் கப்பல்களைத் தீயிலிருந்து காத்துக்கொண்டது, ரங்கூன் தன்னையே கப்பல்களிடமிருந்து காத்துக்கொண்டது. 1824இல் பிரிட்டிஷ் படை ஆற்றின் வழியாகவே ரங்கூனுக்குள் நுழைந்ததை வைத்துப் பார்த்தால், அந்த அதிகாரிகளின் சந்தேகம் காரணமற்றது என்று எப்படிச் சொல்வது?

பதில்: பழைய ரங்கூன்

தன்லின் நண்பர் சுக்கான் விஷயத்தை எடுத்துவைத்தது மிக நன்று. மோல்மேன் நண்பரின் வாதத்துக்கு ஒன்று மட்டும் சேர்க்கிறேன். வணிகர்கள் தம் நலனுக்காகவே சட்டம் செய்தார்கள் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் துறை நகராட்சியின் கையில் இருந்ததால்தான் துறை வரிப் பணம் அங்கேயே விளக்குக்கும் மதகுக்கும் திரும்பச் செலவாயிற்று. உரிமம் மட்டும் கொடுத்துவிட்டு விளக்கையும் வரைபடத்தையும் தனியார் லாபத்துக்கு விட்ட துறைகளில் பைலட் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் பயனில்லை. நம் ரங்கூனிலும் 1880இல் துறைமுக ஆணையம் அமைந்த பிறகுதான், ஒரே கையில் வருமானமும் பொறுப்பும் சேர்ந்து, 1914 வாக்கில் ஆற்றின் மேற்குக்கரையில் நீரோட்டத்தை நெறிப்படுத்தும் அந்தப் பெரிய சுவரைக் கட்டி முடிக்க முடிந்தது.

இனி, தம்பி கேட்டு இன்னும் விடை பெறாத கேள்வி: விபத்துகள் குறைந்தனவா? கப்பல்களின் எண்ணிக்கை அதே ஆண்டுகளில் வேகமாகப் பெருகியதால், மூழ்கியவற்றை மட்டும் எண்ணி விடை சொல்வது சரியாகாது. விளக்கு, ஓத அட்டவணை, உரிமம் ஆகிய மூன்றும் சில ஆண்டுகளுக்குள் அடுத்தடுத்து வந்தவை என்பதால் எது எவ்வளவு காப்பாற்றியது என்று பிரிக்கவும் இயலாது. ஆனால் ஆபத்து தீர்ந்துவிட்டது என்று லிவர்பூல்காரர்களே நம்பவில்லை என்பதற்குச் சான்று உண்டு. சட்டம் வந்து பத்தாண்டு அளவில், 1770களில், திட்டுகளுக்கு வடக்கே ஃபார்ம்பி கடற்கரையில் கப்பல் உடைந்தவர்களை மீட்பதற்கென்றே ஒரு படகை நிறுத்திவைத்தார்கள். உலகின் முதல் உயிர்மீட்புப் படகு நிலையமாக இன்று பலரும் குறிப்பிடுவது அதைத்தான். அதை ஏற்படுத்தியவராகச் சொல்லப்படுபவரும் அதே ஹட்சின்சன்தான்.